அகலக் காட்சிக் காமிரா: வயலுக்கும் களத்துக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நாஞ்சில் நாட்டில் ஆண்டுக்கு இருமுறை களம் நிறைகிறது. கன்னிப்பூ அறுவடை புரட்டாசியை ஒட்டியும், கும்பப்பூ அறுவடை மாசியை ஒட்டியும் முடிகின்றன. அறுத்த நெல் காய்ந்து மூட்டையாகி விலை போகும் வரையில் அதற்குக் காவல் தேவை. முன்பெல்லாம் வீட்டில் ஒருவர் கயிற்றுக் கட்டிலைக் களத்தில் போட்டுப் படுத்துக் கொள்வார். இன்று பிள்ளைகள் வெளியூரில் வேலை பார்க்கிறார்கள். கூலிக்குக் காவலாள் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. ஆகவே விவசாயிகள் பலர் காவல் காமிராவை நாடத் தொடங்கியுள்ளனர். அவற்றுள் "ஒரே காமிரா, முழு நிலமும் தெரியும்" என்று விற்கப்படும் அகலக் காட்சிக் காமிராக்களுக்கு இப்போது மிகுந்த வரவேற்பு இருக்கிறது.

சுசீந்திரம் பகுதியில் ஒரு வயல்வெளிக் கூட்டம் முடிந்து புறப்படும் வேளையில், விவசாயி ஒருவர் தம் கைப்பேசியை நீட்டினார். கும்பப்பூ அறுவடைக் காலத்தில் அவர் களத்திலிருந்து இரவில் நெல் மூட்டைகள் போயிருந்தன. மோட்டார் அறைச் சுவரில் பொருத்தியிருந்த 180 பாகைக் காமிரா எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தது. களம், வைக்கோல் படப்பு, வாய்க்கால் வரப்பு, பாதை என அனைத்தும் ஒரே படத்தில் தெரிந்தன. பாதையில் ஒரு வண்டி நிற்கிறது. இரண்டு ஆட்கள் மூட்டையைத் தூக்கிச் செல்கிறார்கள். ஆனால் படத்தைப் பெரிதாக்கினால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கல் திட்டு. வண்டி எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. "களவு போனது தெரியுது சார். ஆளு யாருன்னு தெரியலியே! இதுக்கா இவ்வளவு ரூவா போட்டேன்?" என்று அவர் கேட்டார்.

காமிராவில் பழுது ஒன்றும் இல்லை. அது செய்யக் கூடியதைச் செய்தது. செய்ய முடியாததை அதனிடம் எதிர்பார்த்ததுதான் தவறு. இந்தத் தவறு நேராமல் காமிராவைத் தேர்ந்தெடுக்கும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் எதைக் காக்க வேண்டும்?

நிற்கும் நெற்பயிரை யாரும் இரவோடு இரவாக அறுத்துச் செல்வதில்லை. ஆகவே வயல் முழுவதையும் காமிராவில் பார்க்க வேண்டும் என்ற ஆசையை முதலில் விட்டுவிடுவது நல்லது. களவு போகக் கூடியவை சிலவே: களத்து நெல், மோட்டாரும் அதன் செப்புக் கம்பியும், முற்றிய வாழைக்குலை, தேங்காய், தொழுவத்து மாடு, உரமும் மருந்தும் வைத்துள்ள அறை. இவை இருக்கும் இடங்களை ஒரு தாளில் குறித்துக் கொள்ளவும். அடுத்து, வெளியாள் உள்ளே வருவதற்கு உள்ள வழிகளைக் குறிக்கவும். வண்டி வரக் கூடிய வழி பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். பொருள் இருக்கும் இடமும் ஆள் வரும் வழியும் தெளிவானால் பாதி வேலை முடிந்தது.

காட்டுப் பன்றி வரும் மலையடிவார ஊர்களில் தேவை வேறு. அங்கே பன்றி வருகிறதா, எந்தப் பக்கமாக வருகிறது என்று தெரிந்தால் போதும். அதன் முகம் நமக்கு வேண்டியதில்லை! அங்கு அகலக் காட்சி மிகவும் பயன்படும்.

பார்ப்பது வேறு, அடையாளம் காண்பது வேறு

காமிராப் படம் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. இவற்றைப் பிக்சல் என்பர். ஓர் இடத்தில் ஒரு மீட்டர் அகலமுள்ள பொருளின் மேல் எத்தனை புள்ளிகள் விழுகின்றன என்பதைப் பொறுத்தே அங்கு எவ்வளவு விவரம் தெரியும் என்பது அமைகிறது. இதை இக்கட்டுரையில் "தெளிவு எண்" என்று அழைப்போம். காவல் காமிராக்களுக்கான 62676-4 என்னும் பன்னாட்டுத் தரக்குறிப்பு 2014-இல் வெளிவந்தது. அது கீழ்க்கண்ட படிகளை வகுத்துள்ளது.

1. கூட்டத்தின் நடமாட்டத்தைக் கவனிக்க: மீட்டருக்கு 12.5 புள்ளிகள்.
2. ஆள் வந்திருப்பதைக் கண்டுகொள்ள: 25 புள்ளிகள்.
3. உடை, நடை முதலியவற்றைப் பார்க்க: 62.5 புள்ளிகள்.
4. முன்பே பழக்கமான ஆளை "இன்னார்" என்று சொல்ல: 125 புள்ளிகள்.
5. முன்பின் தெரியாத ஆளை ஐயமின்றி அடையாளம் காட்ட: 250 புள்ளிகள்.

இரண்டாவது படிக்கும் ஐந்தாவது படிக்கும் பத்து மடங்கு வேறுபாடு இருப்பதைக் கவனிக்கவும். "தெரிகிறது" என்று கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் இரண்டாவது படியை. "ஆளைப் பிடிக்கலாம்" என்று நாம் நினைத்துக் கொள்வது ஐந்தாவது படியை.

எளிய கணக்கு

இக்கணக்குக்கு மூன்று எண்கள் போதும். முதலாவது, படத்தின் குறுக்கே உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை. இது பெட்டியின் மேல் 4608 x 1728 என்பது போல அச்சிடப்பட்டிருக்கும். அதில் முதல் எண்ணே நமக்கு வேண்டும். இரண்டாவது, காமிராவின் கிடைமட்டக் கோணம். மூன்றாவது, பொருள் இருக்கும் தூரம்.

57 மீட்டர் தூரத்தில் ஒரு பாகை என்பது ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம் ஆகும். ஆகவே,

காமிரா எண் = (குறுக்குப் புள்ளிகள் ÷ கோணம்) x 57
தெளிவு எண் = காமிரா எண் ÷ தூரம் (மீட்டரில்)

மேலே சொன்ன விவசாயியின் காமிராவில் குறுக்குப் புள்ளிகள் 4608, கோணம் 180. இதை வகுத்தால் 25.6. அதை 57-ஆல் பெருக்கினால் சுமார் 1,460. இதுவே அந்தக் காமிராவின் எண். மோட்டார் அறையிலிருந்து வண்டி நின்ற இடத்துக்கு நாடா பிடித்து அளந்தோம். 38 மீட்டர் இருந்தது. 1,460-ஐ 38-ஆல் வகுத்தால் 38 புள்ளிகள் வருகின்றன. மனித முகத்தின் அகலம் சுமார் 16 செ.மீ. அப்படியானால் அந்த முகத்தின் மேல் விழுந்தவை ஆறே புள்ளிகள். ஆறு புள்ளிகளில் கண்ணும் மூக்கும் எப்படித் தெரியும்? அரை மீட்டர் அகலமுள்ள வண்டி எண் பலகைக்குக் கிடைத்தவை 19 புள்ளிகள். அதற்குள் பத்து எழுத்துகள் அடங்கியாக வேண்டும். கைப்பேசியில் எவ்வளவு பெரிதாக்கினாலும் இல்லாத புள்ளி புதிதாக வந்துவிடாது.

வழக்கமாகக் கிடைக்கும் சில காமிராக்களுக்கு இக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

அ) 180 பாகை, 4608 புள்ளிகள்: காமிரா எண் 1,460. ஆள் வந்ததைக் காண 58 மீட்டர் வரை. பழகியவரை அறிய 12 மீட்டர். புதியவரை அடையாளம் காட்ட 6 மீட்டர்.

ஆ) 180 பாகை, 7680 புள்ளிகள்: காமிரா எண் 2,430. முறையே 97, 19, 10 மீட்டர்.

இ) 80 பாகை, 2560 புள்ளிகள் உள்ள சாதாரண நிலைக் காமிரா: காமிரா எண் 1,820. முறையே 73, 15, 7 மீட்டர்.

ஈ) 30 பாகை, அதே 2560 புள்ளிகள்: காமிரா எண் 4,860. முறையே 194, 39, 19 மீட்டர்.

இ, ஈ ஆகிய இரண்டிலும் புள்ளிகள் ஒன்றே. கோணம் குறுகியதால் மட்டுமே விவரம் மிகுந்தது. ஒரு படி விதையை ஒரு சென்ட் நாற்றங்காலில் தூவுவதற்கும் பத்து சென்டில் தூவுவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. அகலம் கூடினால் அடர்த்தி குறையும்.

மேற்கண்ட கணக்கு நல்ல பகல் வெளிச்சத்துக்கு உரியது. இரவில் இதில் பாதியே கிடைக்கும் என்று வைத்துக் கொண்டு திட்டமிடுவது பாதுகாப்பானது.

காமிரா வகைகளும் அவற்றின் குணங்களும்

1. மீன்கண் காமிரா: ஒரே வில்லையால் சுற்றிலும் 360 பாகையும் காட்டும். மீன் நீருக்குள்ளிருந்து வெளியுலகைப் பார்ப்பது போன்ற காட்சி என்பதால் 1906-இல் அமெரிக்க இயற்பியலார் ஆர்.டபிள்யூ. வுட் இப்பெயரைச் சூட்டினார். 1924-இல் இங்கிலாந்தின் ராபின் ஹில், வானம் முழுவதையும் ஒரே படத்தில் பிடித்து மேகங்களை ஆராய இத்தகைய காமிராவை வடிவமைத்தார். ஒளிச்சேர்க்கை பற்றிய "ஹில் வினை" இவர் பெயரால் வழங்குவதே. பயிரின் இலைக்கூரைக்குக் கீழே எவ்வளவு ஒளி இறங்குகிறது என்று அளக்க இன்றும் மீன்கண் வில்லை உதவுகிறது. காவலுக்கோ இது தனக்குக் கீழேயுள்ள இடத்தை மட்டும் நன்றாகக் காட்டும். 4 மீட்டர் உயரத்தில் தொங்கும் 12 மெகாபிக்சல் மீன்கண்ணில் 10 மீட்டர் தள்ளி சுமார் 110 புள்ளிகளும், 20 மீட்டர் தள்ளி சுமார் 65 புள்ளிகளும் கிடைக்கும். மாட்டுத் தொழுவம், கிட்டங்கி, கூரையிட்ட களம் ஆகியவற்றின் நடுவில் பொருத்த ஏற்றது. திறந்த வயலுக்கு ஏற்றதல்ல.

2. இரட்டை வில்லைக் காமிரா: இரண்டு வில்லைகளின் படங்களை ஒட்டி 180 பாகைக் காட்சியாகத் தரும். சிறு விவசாயிக்கு எட்டும் விலையில் உள்ள உண்மையான அகலக் காட்சிக் காமிரா இதுவே. சுவரில் பொருத்தினால் முன்னுள்ள முழு வெளியும் தெரியும். இரு படங்களும் சேரும் நடுக்கோட்டில், மிக அருகில் வரும் ஆள் சிதைந்தோ மறைந்தோ தெரியக் கூடும். ஆகவே வாசலோ பாதையோ நடுக்கோட்டில் விழாதபடி பொருத்த வேண்டும்.

3. பல வில்லைக் காமிரா: நான்கு வில்லைகள் கொண்டது. விவரமும் அதிகம், விலையும் அதிகம். பேருந்து நிலையம், திருவிழாக் கூடும் இடம் போன்றவற்றுக்கு உரியது. தனி விவசாயிக்குச் சிபாரிசு செய்ய இயலாது.

4. சுழல் காமிரா: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "360 டிகிரி காமிரா" என்று விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவையே. ஒரு நேரத்தில் இது பார்ப்பது ஒரு பக்கத்தை மட்டும். கிழக்கே நாயைப் பின்தொடர்ந்து கொண்டிருக்கும்போது மேற்கே மூட்டை போய்விடும். உட்கார்ந்து இயக்க ஆள் இருந்தால் இது சிறந்த கருவி. ஆள் இல்லாத காவலுக்கு இதை மட்டும் நம்பக் கூடாது. வாங்கும்போது, "முழு அகலத்தையும் ஒரே சமயத்தில் பதிவு செய்யுமா, திரும்பித்தான் பார்க்குமா?" என்று தவறாமல் கேட்கவும்.

5. நிலைக் காமிரா: ஒரே பக்கம் பார்க்கும் சாதாரணக் காமிரா. விலை குறைவு. குறுகிய கோணமுள்ளதைத் தேர்ந்தெடுத்து வழியை நோக்கி வைத்தால் முகத்தைக் காட்டக் கூடியது இதுவே.

மதுக்கரை தரும் பாடம்

கோயம்புத்தூர் அருகே எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் இடையே காட்டை ஒட்டிச் செல்லும் இருப்புப்பாதையில் ரயில் மோதி யானைகள் மாண்டு வந்தன. அதைத் தடுக்கத் தமிழக வனத்துறை 2024 பிப்ரவரியில் மதுக்கரையில் ஒரு கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கியது. இதற்கு ஒரே பெரிய கோபுரத்தில் ஒரே அகலக் கண்ணை வைத்துவிடவில்லை. பாதை நெடுகிலும் 12 கோபுரங்களை நிறுத்தினார்கள். அவற்றில் சாதாரணக் காமிராவும், உடல் வெப்பத்தை உணரும் காமிராவும் பொருத்தப்பட்டன. யானை பாதையை நெருங்கினால் கணினி அதைக் கண்டுகொண்டு கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி தரும். அங்கிருந்து ரயில் ஓட்டுநருக்குத் தகவல் போகும்.

இதில் நமக்குரிய பாடங்கள் இரண்டு. பரந்த இடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஏற்ற கண்ணை வைக்க வேண்டும் என்பது ஒன்று. காமிரா கண்டதும் ஓடிவர ஆள் இருந்தால்தான் காவல் நிறைவுபெறும் என்பது மற்றொன்று. நம் களத்திலும், கைப்பேசியில் எச்சரிக்கை வந்தால் யார் போவது, பக்கத்தில் யாரைக் கூப்பிடுவது என்பதை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

ஓர் ஏக்கர் நிலத்துக்கு எடுத்துக்காட்டு

ஓர் ஏக்கர் என்பது ஏறக்குறைய 64 மீட்டர் பக்கமுள்ள சதுரம். தெற்கு வரப்பின் நடுவில் மோட்டார் அறை, அதை ஒட்டிக் களம், தென்மேற்கு மூலையில் வண்டிப் பாதை இருப்பதாகக் கொள்வோம். மோட்டார் அறைச் சுவரில் ஒரு 180 பாகைக் காமிராவை வடக்கு நோக்கிப் பொருத்தினால் தொலைவிலுள்ள வடக்கு மூலைகள் 72 மீட்டர் தூரத்தில் இருக்கும்.

காமிரா எண் 1,460 ஆனால் அம்மூலைகளில் தெளிவு எண் 20. ஆள் வந்ததைக் கண்டுகொள்ளத் தேவையான 25 கூட இல்லை. காமிரா எண் 2,430 ஆனால் 34 கிடைக்கும், அது போதும். ஆனால் அரை ஏக்கருக்கு 1,460 உள்ளதே போதுமானது. களம் மட்டும் காக்கப்பட வேண்டுமானால், அது 10 மீட்டருக்குள் இருந்தால், அதே விலை குறைந்த காமிரா 146 புள்ளிகள் தரும். பழகிய ஆளைச் சொல்லிவிடலாம்.

அடுத்து வண்டிப் பாதை. அது மோட்டார் அறையிலிருந்து 32 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. 30 பாகை நிலைக் காமிரா ஒன்றை அறையிலிருந்தே அதை நோக்கி வைத்தால் 152 புள்ளிகள் கிடைக்கும். தெரிந்தவரைச் சொல்லலாம், தெரியாதவரை அடையாளம் காட்ட முடியாது. அதே காமிராவைப் பாதையிலிருந்து 15 மீட்டரில் ஒரு கம்பத்தில் வைத்தால் 324 புள்ளிகள் கிடைக்கும். அங்கே அது பார்க்கும் அகலம் சுமார் 8 மீட்டர். வண்டிப் பாதைக்கு இது தாராளம்.

ஆக, ஓர் அகலக் கண்ணும் ஒரு கூரிய கண்ணும் சேர்ந்தவையே சிறு விவசாயிக்குப் பொருத்தமான அமைப்பு. என்ன நடந்தது என்பதை அகலக் கண் சொல்லும். யார் செய்தது என்பதைக் கூரிய கண் சொல்லும். கையில் உள்ள பணத்துக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், வழி ஒன்றே உள்ள நிலத்துக்குக் கூரிய கண்ணையும், எப்பக்கமும் திறந்துள்ள நிலத்துக்கு அகலக் கண்ணையும் முதலில் வாங்கவும்.

பொருத்தும் முறை

உயரம்: 3 முதல் 4 மீட்டர் உயரமே ஏற்றது. தென்னை உயரத்துக்கு ஏற்றினால் தலையும் தொப்பியும்தான் தெரியும். கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தால் காமிராவையே கழற்றிக் கொண்டு போய்விடுவார்கள்.

திசை: 180 பாகைக் காமிராவைக் கிழக்கு அல்லது மேற்கு நோக்கி வைத்தால் காலை அல்லது மாலை வெயில் நேரே வில்லையில் விழும், படம் வெளுத்துவிடும். நிலத்தின் தெற்கு எல்லையிலிருந்து வடக்கு நோக்கி வைப்பது நல்லது. செப்டம்பர் இறுதி முதல் மார்ச் இறுதி வரை சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், கும்பப்பூ காலம் முழுவதும் வெயில் முகத்தில் அடிக்காது.

காற்று: ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றி நம் பகுதி விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் மெல்லிய குழாய்க் கம்பம் ஆடும், படமும் ஆடும். கம்பம் ஆடினால் இரவுப் படம் கலங்கிப் போகும். கூடிய மட்டும் கட்டடச் சுவரில் பொருத்தவும். கம்பம் வேண்டுமானால் கனமான இரும்புக் குழாயைக் கான்கிரீட்டில் ஊன்றவும். வாழையிலையும் தென்னோலையும் அசைவதற்கெல்லாம் எச்சரிக்கை வராதிருக்க, மனிதரை மட்டும் இனங்காணும் வசதி உள்ளதை வாங்கவும்.

மழை, உப்பு, இடி: இரு பருவ மழையும் பெறும் மாவட்டம் இது. ஐ.பி. 66 அல்லது அதற்கு மேற்பட்ட நீர்க்காப்புத் தரம் அவசியம். மணக்குடியை ஒட்டிய கடலோர நிலங்களில் உப்புக் காற்று இரும்புத் திருகுகளை அரித்துவிடும். துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளைப் பயன்படுத்தவும். இரும்புக் கம்பத்துக்குத் தரைக்கம்பி போடுவதையும், மின்னிணைப்பில் மின்னழுத்தப் பாய்ச்சல் தடுப்பானையும் தவிர்க்கக் கூடாது.

இரவு ஒளி: பெட்டியில் "30 மீட்டர்" என்று அகச்சிவப்பு ஒளியின் எல்லையைப் போட்டிருப்பார்கள். அது நடுப்பகுதிக்கு உரியது. 180 பாகைக்கும் பரவும் ஒளி ஓரங்களில் வலுக்குறையும். வெள்ளை விளக்கு எரியும் காமிரா இரவில் வண்ணப் படம் தரும். திருடனையும் தயங்க வைக்கும். ஆனால் விளக்குப் பொறி எப்படிப் பூச்சிகளை இழுக்கிறதோ அப்படியே இதுவும் குருத்துப்பூச்சியின் அந்துகளை இழுக்கும். நெல்வயலை நோக்கி விடிய விடிய எரிய விட வேண்டாம். ஆள் வந்தால் மட்டும் எரியும்படி வைக்கவும். வில்லையில் சிலந்தி வலை கட்டினால் இரவில் படம் முழுதும் வெள்ளையாகிவிடும். வாரம் ஒருமுறை மெல்லிய துணியால் துடைக்க வேண்டும்.

மின்சாரமும் பதிவும்

சூரிய ஒளித் தகடும் மின்கலமும் உள்ள காமிராக்களில் பல, மின்சாரத்தைச் சிக்கனப்படுத்த உறங்கிக் கொண்டிருக்கும். அருகில் உடல் வெப்பம் தென்பட்டால்தான் விழிக்கும். அந்த உணர்வு பெரும்பாலும் 10 மீட்டர் அளவிலேயே நின்றுவிடும். அகலக் கண் வாங்கியும் 40 மீட்டரில் நடப்பதை அது உறங்கியபடி விட்டுவிட்டால் பயனென்ன? எனவே பரந்த இடத்துக்கு, தொடர்ந்து விழித்திருக்கும் வகையே தேவை.

தொடர்ந்து இயங்கும் காமிரா சராசரியாக 6 வாட் எடுத்துக் கொண்டால் ஒரு நாளைக்கு 144 வாட்-மணி செலவாகும். மூன்று நாள் வெயில் இல்லாவிட்டாலும் தாங்க 432 வாட்-மணி வேண்டும். ஈய-அமில மின்கலத்தில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. ஆகவே 12 வோல்ட்டில் சுமார் 72 ஆம்பியர்-மணி மின்கலம் தேவைப்படும். தகடு 80 முதல் 100 வாட் வரை இருப்பது நல்லது. வீட்டு மின்னிணைப்பு அருகில் இருந்தால் அதுவே சிக்கனம்.

இத்தகைய காமிரா வினாடிக்கு 6 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு நாளைக்கு சுமார் 65 ஜி.பி. நிரம்பும். 128 ஜி.பி. அட்டை இரண்டு நாளிலும் 256 ஜி.பி. அட்டை நான்கு நாளிலும் நிரம்பி, பழைய பதிவு அழியும். ஆள் வரும்போது மட்டும் உயர்தரத்தில் பதியும்படி வைத்தால் பல நாள் தாங்கும். சிம் அட்டை வழியே முழுத் தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் சுமார் 2.7 ஜி.பி. தீர்ந்துவிடும். எனவே கைப்பேசியில் பார்க்கக் குறைந்த தரத்தையும், அட்டையில் பதிய உயர்ந்த தரத்தையும் வைக்கவும். காமிராவோடு வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிட வேண்டும்.

அக்கம்பக்கத்தாரை மதித்தல்

அகலக் கண்ணுக்கு வரப்பு தெரியாது. பழையாற்றுப் படித்துறை, குளத்துப் படித்துறை, வாய்க்கால் கரை, அடுத்த வீட்டுக் கிணற்றடி ஆகிய இடங்களில் குளிப்பவர் உண்டு. ஒருவரின் அந்தரங்கத்தை அவர் சம்மதமின்றிப் படம் பிடிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66-இ-இன்படி தண்டனைக்குரியது. அப்பகுதியைக் கறுப்புத் திரையிட்டு மறைக்கும் வசதி காமிராவிலேயே உண்டு; அதைப் பொருத்துபவரிடம் கேட்டுச் செய்து கொள்ளவும். பக்கத்து நிலத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பொருத்துவதே முறை.

சுசீந்திரம் - தேரூர் நீர்நிலைகள் 2022-இல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டவை. அங்கு வரும் பறவைகள் நம் வயலிலும் மேய்பவை. குளத்தை ஒட்டி நிலம் உள்ளவர்கள் வெள்ளை விளக்கையும் அலறும் ஒலியையும் குளத்தின் பக்கம் திருப்ப வேண்டாம்.

களவு நடந்துவிட்டால், பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு நின்றுவிடக் கூடாது. அனுப்பும்போது புள்ளிகள் மேலும் குறைந்துவிடும். அட்டையை உடனே கழற்றிப் பத்திரப்படுத்திக் காவல் நிலையத்தில் சொல்லவும். மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்க, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு சான்றிதழ் கேட்கிறது. அதற்கு மூலப் பதிவு மாறாமல் இருப்பது உதவும்.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை

1. விற்பவரைக் காமிராவுடன் நிலத்துக்கே வரச் சொல்லவும். கடைக்குள் எல்லாக் காமிராவும் நன்றாகத்தான் தெரியும்.
2. பொருத்தப் போகும் இடத்தில் பிடித்துக் கொண்டு 5, 10, 20, 40, 60 மீட்டரில் ஒருவரை நிற்கச் சொல்லவும். இருட்டிய பின்பும் இதைச் செய்யவும்.
3. நேரடிக் காட்சியை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், பதிந்ததை ஓட்டி நிறுத்திப் பார்க்கவும்.
4. ஆளை நடக்கச் சொல்லியும் பார்க்கவும். இரவில் நிற்பவர் தெளிவாகவும் நடப்பவர் கலங்கியும் தெரிவது உண்டு.
5. குறுக்குப் புள்ளிகளையும் கோணத்தையும் விலைப்பட்டியலில் எழுதி வாங்கவும். "மெகாபிக்சல்" எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.
6. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் பெட்டியில் உள்ளதா என்று பார்க்கவும்.

பயிற்சிக் கணக்குகள்

1. 5120 புள்ளிகள், 180 பாகை. 40 மீட்டரில் வரும் ஆளை யாரென்று சொல்ல முடியுமா?
2. வாசல் 25 மீட்டரில் உள்ளது. புதியவரை அடையாளம் காண வேண்டும். 2560 புள்ளிகள் உள்ள காமிராவுக்கு எவ்வளவு கோணம் இருக்கலாம்?

விடைகள்: 1. காமிரா எண் சுமார் 1,620. தெளிவு எண் 40. ஆள் வந்தது தெரியும், யாரென்று தெரியாது. 2. காமிரா எண் 6,250 வேண்டும். 2560-ஐ 57-ஆல் பெருக்கி 6,250-ஆல் வகுத்தால் 23. ஆகவே 23 பாகைக்கு மிகாத கோணம் வேண்டும்.

முதலில் சொன்ன விவசாயி தம் 180 பாகைக் காமிராவைக் கழற்றவில்லை. அதை அங்கேயே விட்டுவிட்டு, பாதையோரம் ஊன்றிய கம்பத்தில் குறுகிய கோணமுள்ள ஒரு நிலைக் காமிராவைச் சேர்த்துக் கொண்டார். இதையே முதலில் செய்திருந்தால் போன நெல்லுக்கு வழி தெரிந்திருக்கும். விவசாயப் பெருமக்கள் கடைக்குப் போகும் முன் ஒரு நாடாவை எடுத்துக் கொண்டு தம் நிலத்தை ஒருமுறை அளந்து, மேற்கண்ட கணக்கைப் போட்டுப் பார்த்து, தேவைக்கு ஏற்ற காமிராவைத் தேர்ந்தெடுத்துப் பயனடையுமாறு கேட்டுக் கொள்கிறோம்.